ஏற்றத்தில் இறங்கும் பெட்ரோல் முள்

"பழைய மாருதி 800 வாங்கியிருக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் பாதி டேங்க் காட்டும் முள், பர்லியாறு தாண்டுவதற்குள் கால் டேங்க்குக்கு வந்துவிடுகிறது. குளிரில் மீட்டர் சுருங்கும் என்கிறார்கள். நிஜமா?" என்று குன்னூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

குளிர் காரணமில்லை. டேங்க்குக்குள் ஒரு மிதவை, அதன் கம்பி நுனியில் மின்தடைச் சுருள் மேல் உரசி நகரும் ஒரு தொடுமுனை. சுசூகி வகை வண்டிகளில் டேங்க் நிரம்பியிருந்தால் தடை சுமார் 3 ஓம், காலியானால் சுமார் 110 ஓம். தடை கூடக்கூட மின்னோட்டம் குறையும், முள் இறங்கும்.

அழகெல்லாம் முள்ளுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கால மீட்டர்கள் பலவற்றில் முள்ளை நகர்த்துவது வெப்பம். இஸ்திரிப் பெட்டியில் இருப்பது போன்ற ஈருலோகப் பட்டை, அதாவது சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு. அதன்மேல் சன்னக் கம்பி சுற்றியிருக்கும். மின்னோட்டம் பாய்ந்தால் பட்டை சூடாகி வளையும், முள்ளைத் தள்ளும். சூடேற நேரம் பிடிப்பதால்தான் சாவி போட்டதும் முள் மெல்ல எழுகிறது. கொண்டை ஊசி வளைவில் பெட்ரோல் அலம்பினாலும் துள்ளுவதில்லை. அப்படியானால் மேட்டுப்பாளையத்து வெயிலும் ஊட்டிப் பனியும் பட்டையை வளைக்காதா? வளைக்கும். அதற்காகவே பட்டையை 'ப' வடிவில் வெட்டி, ஒரு காலில் மட்டும் கம்பி சுற்றுகிறார்கள். வெளி வெப்பம் இரண்டு கால்களையும் ஒரே அளவு வளைக்கும். ஒன்றின் வளைவை மற்றது சரிக்கட்டிவிடும். மிஞ்சுவது மின்சாரம் தந்த வளைவு மட்டும். மின்னணுச் சில்லு எதுவும் இல்லாமல், வெறும் வடிவத்தாலேயே வானிலையை வென்ற கருவி இது!

அப்புறம் முள் ஏன் இறங்குகிறது? சரிவுதான். மலை ரயில் பல்சக்கரம் பிடித்து ஏறும் கல்லாறு–குன்னூர் பாதையின் உச்சச் சரிவு ஏறத்தாழ 12-க்கு 1. அதே சரிவில் கார் நின்றால், 60 செ.மீ. நீள டேங்க்கின் இரு முனைகளுக்கும் இடையே பெட்ரோல் மட்டம் 5 செ.மீ. வேறுபடும். மிதவை முன்பக்கமாக இருந்தால் ஏற்றத்தில் குறைத்தும் இறக்கத்தில் கூட்டியும் காட்டும். இறக்கத்தில் முள் ஏறினால் பழுது எதுவும் இல்லை. ஆனால் இறக்கத்தில் காட்டும் அளவை நம்பிப் பங்க்கைத் தாண்டிப் போகாதீர்கள்.

சமதளத்திலும் முள் தவறாகக் காட்டினால், முதலில் மிதவையை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் ஒயரைப் பாருங்கள். துருப்பிடித்த எர்த் தானே ஒரு தடை. டேங்க் நிறைய இருந்தாலும் குறைத்துக் காட்டும். அங்கே சுரண்டிச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அடுத்து, சாவியை அணைத்து, டேங்க்கிலிருந்து வரும் ஒயரின் கனெக்டரைக் கழற்றி, மீட்டர் பக்க ஒயருக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட், 3.4 வாட் பல்பை இணைத்துச் சாவி போடுங்கள். பல்பு எரிந்து முள் நிறைவுக் கோட்டை நோக்கி ஏறினால் மீட்டரும் ஒயரும் நலம், கோளாறு டேங்க்குக்குள். பல்பு இல்லாமல் நேராக எர்த் செய்தால் மீட்டர் கருகலாம்.

மிதவை யூனிட்டைக் கழற்றுவதானால் டேங்க்கில் பெட்ரோலைக் குறைத்து, பேட்டரி நெகட்டிவைப் பிரித்து, திறந்தவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். தடையை அளக்கும் மல்டிமீட்டரை யூனிட்டில் இணைத்து மிதவையை மெதுவாக உயர்த்துங்கள். ஓம் அளவு சீராக மாறாமல் திடீரென அறுந்தால் அந்த இடத்தில் சுருள் தேய்ந்துவிட்டது. எப்போதும் இருநூறு ரூபாய்க்கே போட்டு ஓட்டிய வண்டியில் அடிக் கால் பகுதிதான் தேய்ந்திருக்கும். யூனிட்டை மாற்றும்போது, கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டும் புதிதாகப் போடுங்கள்.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கினால் இரும்பு துருப்பிடிக்கும். மழையும் மூடுபனியும் நிறைந்த மலையில் பழைய வண்டிகளின் டேங்க்கும் ரப்பர் குழாயும் இதை எப்படித் தாங்குகின்றன என்று ஆராய அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். முடிவைத் தமிழிலும் வெளியிட வேண்டும். அதுவரை, வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் டேங்க்கை முக்கால் பங்குக்குக் குறையாமல் வைத்திருங்கள். துணி உறையிட்ட பழைய ரப்பர் குழாயை விரலால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் எத்தனால் தாங்கும் குழாயாகப் பார்த்து மாற்றிவிடுங்கள்.