தகுதி அளவு: கிளைடிங் தேசியச் சாதனைகளின் ‘மினிமம் ஸ்டாண்டர்டு’

எஞ்சின் விசையை நம்பாமல், மேலெழும் காற்றைத் தேடிப் பிடித்துப் பறக்கும் வானூர்தி கிளைடர். அதன் சாதனைகளில் பிரிவுகள் ஏராளம். இறக்கை நீளத்துக்கு ஒன்று, இரட்டை இருக்கைக்கு ஒன்று, மகளிருக்குத் தனி. ஒவ்வொன்றிலும் தூரம், வேகம், உயரம் என்று கிளைகள் வேறு. ஒரு நாடு புதிதாக ஒரு பிரிவைத் தொடங்கும்போது சாதனைப் பட்டியலில் அந்தப் பிரிவுக்கான கட்டம் காலியாக இருக்கும். முதலில் விண்ணப்பிப்பவர் எவ்வளவு பறந்திருந்தாலும் அதைத் தேசியச் சாதனை என்று ஏற்கலாமா? கூடாது என்பதற்காக முன்னரே குறித்துவைக்கும் அளவுதான் ‘மினிமம் ஸ்டாண்டர்டு’.

மினிமம் லத்தீன் சொல். ‘மிகச் சிறியது’ என்று பொருள். நாம் அன்றாடம் சொல்லும் ‘குறைந்தபட்சம்’ ஒரு கலப்புச் சொல். ‘குறைந்த’ தமிழ், ‘பட்சம்’ வடமொழியின் ‘பக்ஷ’. அதற்குப் பக்கம் என்றும் இறக்கை என்றும் பொருள் உண்டு. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்கள் ‘சிறுமம்’ என்கின்றன. இலங்கையில் ‘இழிவு’ என்பார்கள். கணக்குக்கு இரண்டும் சரி. ஆனால் ஒரு விமானி தாண்டவேண்டிய அளவை ‘இழிவு’ என்று எழுதினால் பொது வாசகர் தவறாகத்தான் புரிந்துகொள்வார்.

ஸ்டாண்டர்டு பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் போர்க்களத்தில் நட்டுவைத்த கொடியைக் குறித்தது. பிறகு அரசு ஏற்ற அளவையும் குறித்தது. தமிழில் இதற்குத் தரம், திட்டம், நியமம் என்று இடத்துக்கு இடம் வெவ்வேறு சொற்கள். புள்ளியியலின் ‘ஸ்டாண்டர்டு டீவியேஷன்’ தமிழ்நாட்டில் ‘திட்ட விலக்கம்’, இலங்கையில் ‘நியம விலகல்’. கிளைடிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஸ்டாண்டர்டு கிளாஸ்’ என்பது ஒரு போட்டிப் பிரிவின் பெயர்: 15 மீட்டர் இறக்கை, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் ஏற்றி இறக்கும் மடிப்பு) கிடையாது. ‘ஸ்டாண்டர்டு’ என்று மொட்டையாக எழுதினால் எதைச் சொல்கிறோம் என்பதே குழம்பிவிடும். ‘குறைந்தபட்சத் தரம்’ என்பதும் பொருந்தாது. இங்கே பேசப்படுவது கிலோமீட்டரும் மீட்டரும். பொருளின் தரம் அல்ல. ஆகவே ‘தகுதி அளவு’ என்பதே என் பரிந்துரை. எட்டினால் தகுதி, எட்டாவிட்டால் இல்லை; பொருள் சொல்லிலேயே இருக்கிறது.

அந்த அளவை நியாயமாக வைப்பதுதான் கடினம். உலகச் சாதனையைப் பார்த்து வைக்க முடியாது. 2003-இல் கிளாவுஸ் ஓல்மான் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது அர்ஜென்டினாவில், ஆண்டீஸ் மலைத்தொடர் எழுப்பும் அலைக்காற்றில். 2018-இல் பெர்லன் 2 கிளைடர் 22,000 மீட்டரைத் தாண்டியதும் அதே நாட்டின் எல் கலஃபாத்தேயிலிருந்துதான். நெதர்லாந்து போன்ற தட்டையான நாட்டின் வானிலிருந்து அதில் பாதியைக் கேட்டாலும் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். இதனால்தான் கனடாவும் பிரிட்டனும் தம் மண்ணில் நிகழ்ந்த சாதனைகளைத் தனியாகவும், தம் நாட்டவர் எங்கே பறந்தாலும் செய்தவற்றைத் தனியாகவும் பட்டியலிட்டு வந்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே தகுதி அளவு வைப்பது நியாயமாகாது.

மிகத் தாழ்வாக வைப்பதும் தவறு. பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் தங்க பேட்ஜுக்கு 300 கிலோமீட்டர் தூரமும் 3,000 மீட்டர் உயர ஏற்றமும் வேண்டும். வைரத்துக்கு 500 கிலோமீட்டரும் 5,000 மீட்டரும். இவை தனி விமானியின் திறமைக்கான அங்கீகாரங்கள். தங்க பேட்ஜுக்கே போதாத 200 கிலோமீட்டர் பறப்பைத் தேசியச் சாதனை என்று அறிவித்தால், அதே வானில் பேட்ஜுக்காக அதைவிடத் தூரம் போய்வந்தவர்களுக்கு அநியாயம்.

என் பார்வையில், அளவுக்கு அடிப்படை அந்த நாட்டின் வானமே. இறக்கை நீளத்துக்கு வரம்பில்லாத திறந்த பிரிவில், 100 கிலோமீட்டர் முக்கோணப் பாதையைச் சுற்றிவரும் வேகச் சாதனை மணிக்கு 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிறிய இறக்கைக் கிளைடர் அதில் எத்தனை சதவீதம் எட்டும் என்பதை ஹேண்டிகேப் பட்டியலை, அதாவது கிளைடர் வகைகளின் திறனை ஒப்பிட்டு எண் தரும் பட்டியலைக் கொண்டு கணிக்கலாம். அந்தக் கணிப்பிலிருந்து சற்றே இறங்கி அளவை வைக்கலாம். மகளிர் பிரிவுக்கும் இதே வழிதான், தனிச்சலுகை தேவையில்லை. கிளைடரை உயர்த்துவது காற்றும் அதைப் படிக்கும் அறிவும், தோள்வலிமை அல்ல.

எதை அளக்கிறோம் என்பதும் நியாயத்தில் சேர்த்தி. ஒரு காலத்தில் வானில் தங்கும் நேரத்துக்கும் சாதனை இருந்தது. 1952-இல் பிரான்ஸின் சார்ல் அட்ஜே 56 மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பறந்தார். அந்தப் போட்டி தூக்கத்தோடு நடத்தும் உயிராபத்தான போராட்டமாகிவிட்டதால் அந்தப் பிரிவே கைவிடப்பட்டது. ஆபத்துக்கு ஆசைகாட்டும் பிரிவுக்குத் தகுதி அளவு வைக்கவே கூடாது.

பயன்பாட்டில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கட்டம் காலியாக இருக்கும்வரைதான் தகுதி அளவுக்கு வேலை. முதல் சாதனை பதிவான பிறகு அடுத்தவர் தாண்டவேண்டியது அந்தச் சாதனையை. ஆகவே, ‘இரட்டை இருக்கைப் பிரிவில் இன்னும் யாரும் தகுதி அளவை எட்டவில்லை’ என்று எழுதலாம். ‘பழைய தகுதி அளவை முறியடித்தார்’ என்று எழுதக் கூடாது.