சொல் விளக்கம்: ஒருங்குறி

உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண்களை ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டை எல்லாக் கணினிகளும் ஒன்றுபோலப் பின்பற்ற வழிசெய்யும் பொதுத் தரம் ஒருங்குறி ஆகும். ஆங்கிலத்தில் இது யுனிகோட் எனப்படும்.

எழுத்துகளுக்கு எண் தரும் முந்தைய தரமாக 1963இல் வெளிவந்த ஆஸ்கியில், எழுத்துக்கு ஒன்றாக இருந்தவை 128 இடங்களே; ஆங்கிலத்துக்கு அவை போதுமாயின. பின்னர் எட்டாவது பிட்டையும் (பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஓர் இலக்கம்) பயன்படுத்தி 256 இடங்கள் கிடைத்தபோது, மேற்பாதியை ஒவ்வொரு நாடும் நிறுவனமும் தத்தம் மொழிக்கு எடுத்துக்கொண்டமையால், ஒரே எண் ஒரு கணினியில் கிரேக்க எழுத்தாகவும் மற்றொன்றில் ரஷ்ய எழுத்தாகவும் தோன்றியது. இக்குழப்பத்தைத் தீர்க்க, ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஜோ பெக்கர் 1988இல் முன்வைத்த வரைவிலேயே யுனிகோட் என்னும் பெயர் இடம்பெற்றது. தனித்த, ஒன்றிணைந்த, உலகளாவிய என்னும் மூன்று பொருளையும் அப்பெயர் உணர்த்த வேண்டும் என்பது அவர் கருத்து. முதற்பதிப்பு 1991இல் வந்தது. 65,536 இடங்கள் போதும் என்று அன்று நம்பியது தவறான கணிப்பு. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு எல்லையை 11,14,112 இடங்களாக விரித்தது.

இலத்தீனில் ஊனுஸ் என்றால் ஒன்று. கோட் என்பதன் மூலமான கோடெக்ஸ், முதலில் மரத்தண்டையும், பிறகு எழுதும் மரப்பலகையையும், அதன்பின் நூலையும் சட்டத் தொகுப்பையும் குறித்தது. எழுதுபலகையிலிருந்து கணினிக்கு வந்த சொல் என்பது பொருத்தமே. தமிழில் ஒன்றுசேர என்னும் பொருளுடைய ‘ஒருங்கு’, ‘குறி’ ஆகியவை இணைந்து, நடுவே அடுத்தடுத்து வரும் இரு குகரங்களில் ஒன்று கெட்டு ‘ஒருங்குறி’ ஆயிற்று எனக் கொள்ளலாம். தனித்த என்னும் பொருளைவிட ஒன்றிணைந்த என்னும் பொருளையே இச்சொல் அழுத்துகிறது. அதுவே சரியான தேர்வு என்பேன்.

ஒருங்குறியை எழுத்துரு என்று வழங்குவது பிழை. எழுத்துரு என்பது எழுத்தின் வடிவம். ஒருங்குறி எழுத்துக்குத் தருவது எண்ணே, வடிவம் அன்று. ‘க’ என்பதற்கு 2965, இகரக் குறிக்கு 3007; ‘கி’ என்று எழுதினால் இவ்விரு எண்களே அடுத்தடுத்துப் பதிவாகின்றன, அவற்றை ஓர் உருவாகச் சேர்த்துக் காட்டுவதுதான் எழுத்துருவின் வேலை. அதுபோலவே, யுடிஎஃப்-8 என்பதும் ஒருங்குறிக்கு மறுபெயர் அன்று. ஒருங்குறி வகுத்த எண்ணைப் பைட்டுகளாக, அதாவது எட்டு பிட் கொண்ட தொகுதிகளாக, மாற்றிச் சேமிக்கும் முறைகளுள் அது ஒன்று. அதனைக் குறியேற்றம் என்பது பொருந்தும். அம்முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டிலும், ‘க’ மூன்று பைட்டுகளிலும் அடங்கும்.