ரிப்போர்ட் காலியாக வந்தால் எனக்குப் பயம்

மருத்துவமனை ஒன்றின் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் ஒவ்வொரு வார்டிலிருந்தும் இன்சிடென்ட் ரிப்போர்ட் வரும்; அங்கே நடந்த தவறுகளையும் நடக்கப் பார்த்த தவறுகளையும் அதில் எழுத வேண்டும். ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதி அனுப்பும் வார்டை ஒரு காலத்தில் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பாராட்டியவன் நான். இப்போது அந்த வார்டுக்குத்தான் முதலில் போகிறேன்.

அப்படி மாற்றியவர் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன். தொடக்கத்தில் அவர் பொறியாளர். 1980களின் ஆரம்பத்தில் அமெரிக்கக் கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் புல்லரிடம் தலைமைப் பொறியாளராக இருந்தவர், அப்புறம்தான் உளவியல் பக்கம் வந்து, நிறுவனங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில் டாக்டர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். அப்போது மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றிய ஆய்வு ஒன்றில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் இறங்கினார். கணக்கு தலைகீழாக வந்தது: ஒற்றுமையாக, நன்றாக நடக்கும் வார்டுகளில்தான் தவறு அதிகம்! விஷயம் என்னவென்றால், அங்கே தவறைச் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள். அது 1996இல் கட்டுரையாக வந்தது. 1999இல் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, பயமில்லாமல் வாய்திறக்க முடிகிற குழுதான் கற்றுக்கொள்கிறது என்று காட்டினார். ‘உளவியல் பாதுகாப்பு’ என்கிறோமே, அது இதுதான். தவறு செய்தவரை ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை, அதை அவரே பலமுறை சொல்லிவிட்டார்.

படித்ததோடு சரி என்றுதான் இருந்தேன். ஒரு நாள் ‘ஒன்றும் இல்லை’ வார்டில் மருந்து டிரேயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நைட் டியூட்டி முடித்த ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வந்து, “சார், இந்த ரெண்டு ஆம்பியூலும் ஒரே மாதிரி இருக்கு. ரெண்டு தடவை மாத்தி எடுத்துட்டேன், ஊசியில ஏத்துறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன்” என்றாள். அந்தச் சின்ன ஊசி மருந்துக் குப்பிகளில் ஒன்று பொட்டாசியம் குளோரைடு, இன்னொன்று மருந்து கலக்குகிற வெறும் தண்ணீர். பொட்டாசியத்தை நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடும்.

“ஏம்மா எழுதலை?”

“எழுதினா மெமோ வரும் சார்.”

அன்றைக்கே பொட்டாசியத்தை டிரேயிலிருந்து எடுத்துத் தனியாகப் பூட்டி வைத்தோம். எழுதுகிறவர்களுக்கு மெமோ கிடையாது என்று சிஸ்டர் இன்சார்ஜையே எல்லோரிடமும் சொல்லவைத்தேன். அடுத்த மாதம் அந்த வார்டிலிருந்து ஆறு ரிப்போர்ட் வந்தது. மேலிடத்திலிருந்து போன், “என்ன சார், அந்த வார்டு கெட்டுப்போச்சா?”