எந்த எஞ்சினில் செய்தது என்று கேட்பதற்கு முன்னால்

பகலில் கேம் புரோகிராமர் வேலை. அதோடு கல்லூரிப் போட்டிகளுக்கும், குறுகிய காலத்தில் ஒரு கேமைச் செய்து முடிக்கும் 'ஜாம்' என்ற இணையப் போட்டிகளுக்கும் நடுவராகவும் போகிறேன். மாணவர்களும் வேலைக்குப் போய்க்கொண்டே ஆசைக்காகச் செய்பவர்களும் கொண்டுவரும் சின்னச் சின்ன கேம்கள் இவை. நடுவர் மேசையில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் "இதை எதில் செய்தீர்கள்?" என்பதுதான். அதாவது, கேம் செய்யப் பயன்படுத்திய மென்பொருள், எஞ்சின், எது என்று. பதில் அன்ரியல் என்றால் முகங்கள் மலர்கின்றன. ஆர்பிஜி மேக்கர் என்றாலோ, கோட் எழுதாமல் இழுத்துப் போட்டுச் செய்யும் வேறு ஏதாவது என்றாலோ, கேமைத் தொடும் முன்பே மதிப்பெண் இறங்கிவிடுகிறது. இது எதிரில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. கேம் நன்றாக இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இது அநியாயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த முன்முடிவுக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. யூனிட்டி என்ற எஞ்சினை இலவசமாகப் பயன்படுத்தினால் கேம் தொடங்கும்போது யூனிட்டி லோகோ கட்டாயம் வரும். காசு கட்டிய ஸ்டுடியோக்கள் அதை எடுத்துவிடலாம். பல வருடம் இப்படித்தான் இருந்தது. 2024-இல் வந்த யூனிட்டி 6-இல்தான் இலவசமாகப் பயன்படுத்துபவர்களுக்கும் அந்தக் கட்டாயம் நீங்கியது. இதனால் என்ன ஆயிற்று? நேர்த்தியாகச் செய்த பல கேம்களில் லோகோ கண்ணில் படவே இல்லை. அரைகுறையாக வந்தவற்றில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. 'யூனிட்டி என்றால் மட்டம்' என்று ஆடுபவர்கள் மனதில் பதிந்துவிட்டது. 2017-இல் வந்து உலகமே கொண்டாடிய ஹாலோ நைட் யூனிட்டியில் செய்தது என்று சொன்னால் இன்னமும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள்.

ஆர்பிஜி மேக்கர் விஷயம் வேறு. மரம், வீடு, கதாநாயகன், பின்னணி இசை என எல்லாமே மென்பொருளோடு சேர்ந்தே வரும். புதிதாகச் செய்பவர்கள் அதை அப்படியே எடுத்துப் போட, ஒரு கேமைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்ததுபோல ஆகிவிட்டது. அப்புறம், அசெட் கடையில் (படம், ஒலி, மாதிரி ப்ராஜெக்ட் எல்லாம் விற்கும் இணையக் கடை) வாங்கிய மாதிரி ப்ராஜெக்ட்டைப் பெயர் மட்டும் மாற்றி ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விற்றவர்களும் உண்டு. அவர்களால் கெட்ட பெயர் எல்லோருக்கும் வந்தது.

ஆனால் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 2004-இல் வந்த யூமே நிக்கி ஆர்பிஜி மேக்கர் 2003-இல் செய்தது. சண்டை, லெவல், பணம் என்று அந்த மென்பொருள் தயாராக வைத்திருந்த எதையும் பெரிதாகச் சாராமல், கனவுகளுக்குள் நடந்து போவதை மட்டுமே கேமாக்கியது. 2011-இல் வந்த டு தி மூன் ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பியில் உருவானது. சாகக் கிடக்கும் ஒரு முதியவரின் நினைவுகளுக்குள் இரண்டு மருத்துவர்கள் நுழையும் கதை. ஆடி முடித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களே தவிர, எஞ்சின் எது என்று கேட்கவில்லை. அண்டர்டேல் (2015) கேம் மேக்கரில் வந்தது. பாபா இஸ் யூ 2017-இல் நார்டிக் கேம் ஜாமில் முதல் பரிசு வாங்கி, 2019-இல் முழு கேமாக வெளியானது. அது மல்டிமீடியா ஃப்யூஷன் 2 என்ற பழைய கருவியில் செய்தது.

ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ் (2014) கேமும் அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளிக்டீம் ஃப்யூஷனில்தான் உருவானது. அதைச் செய்த ஸ்காட் காத்தன் அதற்கு முன் குழந்தைகளுக்காக ஒரு கேம் செய்திருந்தார். அதில் வரும் பாத்திரங்கள் உணவகங்களில் ஆடும் இயந்திர பொம்மைகள்போல இருக்கின்றன, பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று விமர்சித்தார்கள். அவர் கருவியை மாற்றப் போகவில்லை. பயமுறுத்துகிறது என்றால் பயமுறுத்தவே செய்யலாம் என்று அந்தக் குறையையே அடுத்த கேமின் கருவாக்கினார். இதிலிருந்து நடுவராக நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. 'என்ன எஞ்சின் இது' என்ற கேலியால் அவருக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது. கண்ணில் பட்டதைச் சொன்ன விமர்சனம், கசப்பாக இருந்தாலும், பயன்பட்டது.

கோட் எழுதிய விதத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விவிவிவிவிவி என்ற கேம் 2010-இல் வந்தது. அதன் பத்தாவது ஆண்டையொட்டி 2020 ஜனவரியில் செய்தவரே சோர்ஸ் கோடை வெளியிட்டார். திறந்து பார்த்தால், கேமின் நிலைகளை எல்லாம் 'ஸ்விட்ச்' என்ற ஒரே கட்டளைக்குள் நூற்றுக்கணக்கான கிளைகளாக அடுக்கியிருந்தார். என் குழுவில் யாராவது அப்படி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். பலர் சேர்ந்து வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டிய கோடு என்றால் அப்படித் திருப்பி அனுப்புவது சரி. தனியாக ஒருவர் எழுதி, முடித்து, வெளியிட்ட கேமில் அந்த ஸ்விட்ச் ஆடுபவரின் கைக்கு எட்டவே எட்டாது. ஈர்ப்புவிசையைத் தலைகீழாக்கும் அந்த ஒரு பொத்தான் எத்தனை துல்லியமாக வேலை செய்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியும்.

ஆகவே நான் முதலில் எதைப் பார்க்கிறேன் என்றால், கேம் கைக்கு எப்படி இருக்கிறது என்பதைத்தான். விளக்கப் பக்கத்தைப் படிக்காமல், செய்தவரைப் பேச விடாமல், கீபோர்டை எடுத்துக் கொஞ்ச நேரம் ஆடிவிடுவேன். அண்மையில் ஒரு மாணவியின் தாவிக் குதிக்கும் கேம். படங்கள் அழகு, இசையும் பொருத்தம். ஆனால் மேடை ஓரத்தில் தாவினால் பாதி நேரம் கீழே விழுந்தேன். "சார், நீங்கள் லேட்டாக அழுத்துகிறீர்கள்" என்றார். உண்மைதான், ஒரு கணம் லேட்டாகத்தான் அழுத்தினேன். ஆனால் யார் ஆடினாலும் அப்படித்தான் அழுத்துவார்கள். கால் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு நொடியின் சிறு துண்டுக்கு தாவலை அனுமதிப்பது இந்தத் துறையில் பழைய வழக்கம். கொயோட்டி டைம் என்பார்கள். செலஸ்ட் (2018) கேமில் அது 0.1 நொடி. நான் கதை அளக்கவில்லை, அதன் கதாநாயகியின் இயக்கத்துக்கான கோடைச் செய்தவர்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள், எண் அதில் இருக்கிறது. அந்த செலஸ்டே பிக்கோ-8 என்ற குட்டிக் கருவியில், 128-க்கு 128 பிக்சல் திரையில், நான்கு நாளில் செய்த கேமிலிருந்து வளர்ந்ததுதான். அந்த மாணவி அங்கேயே உட்கார்ந்து ஒரு டைமரைச் சேர்த்தார். மறுபடி ஆடினேன். அதே படம், அதே இசை, ஆனால் வேறு கேம்.

இரண்டாவதாகப் பார்ப்பது, வேறு கணினியில் என்ன நடக்கிறது என்பது. லேப் கணினியின் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும், நடுவர் கொண்டுவரும் கேமிங் லேப்டாப் 144 முறை புதுப்பிக்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரை ஒரு முறை புதுப்பிக்கும் படத்துக்கு) இத்தனை பிக்சல் நகர் என்று எழுதியிருந்தால், அந்த லேப்டாப்பில் கதாநாயகன் இரண்டு மடங்குக்கும் மேலே வேகமாக ஓடுவான், எதிரிகளும் அப்படியே. நடுவர் 'ஆடவே முடியவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். போன ஃப்ரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதை வேகத்தோடு பெருக்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். யூனிட்டியில் அதற்கு டெல்டா டைம் என்று பெயர், கோடோ என்ற எஞ்சினில் டெல்டா. தொடக்கப் பாடத்திலேயே வரும் விஷயம்தான். ஆனால் ஒரே கணினியில் ஆடிப் பார்த்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. நண்பர்கள் வீட்டுக் கணினிகளில் ஓட்டிப் பாருங்கள், நல்லதும் வேண்டும், பழசும் வேண்டும்.

மூன்றாவது, எது கருவி தந்தது, எது செய்தவர் தேர்ந்தெடுத்தது என்று பிரித்துப் பார்ப்பது. இதுதான் கடினம், எஞ்சின் தெரிந்திருப்பது இங்கேதான் உதவும். ஆர்பிஜி மேக்கரில் கதாபாத்திரம் நான்கு திசையில் நடப்பதற்கு நான் மதிப்பெண் தர மாட்டேன், அது பெட்டியிலேயே வருகிறது. அதோடு வரும் சண்டை மெனுவைத் தூக்கிவிட்டு வேறு ஏதாவது முயன்றிருந்தால் அதற்குத் தருவேன். அன்ரியலின் ஒளியமைப்பைப் பார்த்து வாய் பிளப்பதும் இதே தவறுதான். எஞ்சினோடு வரும் தொடக்கக் காட்சியைத் திறந்தாலே அந்த வெளிச்சம் இருக்கும்.

வாங்கிய அசெட்டைப் பயன்படுத்தினால் மதிப்பெண்ணைக் குறைப்பீர்களா என்று கேட்கிறார்கள். குறைக்க மாட்டேன். வேம்பயர் சர்வைவர்ஸ் என்ற கேம் வாங்கிய ஸ்பிரைட்டுகளை (பாத்திரங்களின் சின்னப் படங்கள்) வைத்துத் தொடங்கியதுதான், 2023-இல் பிரிட்டனின் பாஃப்டா சிறந்த கேம் விருதை அது பெற்றது. நான் பார்ப்பது ஒட்டுதல். பெரிய பெரிய பிக்சலில் வரைந்த கதாநாயகன் பக்கத்தில் நுணுக்கமாக வரைந்த மரம், அதன் மேல் வழவழப்பான எழுத்து என்றால் மூன்று பேர் வீட்டிலிருந்து அள்ளி வந்தது தெரிந்துவிடும். இன்னொன்று, உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில் சிசி0 என்றால் தாராளமாக எடுக்கலாம். சிசி-பிஒய் என்றால் படைத்தவர் பெயரைக் கிரெடிட்டில் போட்டே ஆக வேண்டும். கூகுள் படத் தேடலில் கிடைத்தது என்றால் அது யாரோ ஒருவருடைய உழைப்பு, அதைத் தொடக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண் போடாதீர்கள். லூடம் டேர் என்ற ஜாம் 2002-இலிருந்து நடக்கிறது. அங்கே சுவாரசியம், புதுமை, கருப்பொருள், படம், ஒலி, நகைச்சுவை, மனநிலை, மொத்தம் என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். படமோ ஒலியோ சொந்தமாகச் செய்யவில்லை என்றால் அந்தப் பிரிவிலிருந்து விலகிக்கொள்ளவும் வழி உண்டு. இதனால் படம் வரையத் தெரியாத ஒருவர் தன் யோசனை ஜெயித்ததா என்பதை அறிந்துகொள்ள முடிகிறது. தனியாளாக 48 மணி நேரத்தில் செய்ததையும், ஆறு பேர் ஒரு செமஸ்டர் முழுக்கச் செய்ததையும் ஒரே தட்டில் வைப்பதையும் நிறுத்த வேண்டும்.

சரி, கருவியை மதிப்பிடவே கூடாதா? மதிப்பிட வேண்டும், தனியாக. கேமுக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, செய்தவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு அது. செய்ய நினைத்ததற்கு அந்தக் கருவி ஒத்துழைத்ததா, எதிர்த்து நின்றதா என்பதுதான் என் முதல் கேள்வி. கதையும் தேர்வுகளும் மட்டும் கொண்ட கேமுக்கு, அதற்கென்றே உள்ள ட்வைன், ரென்பை போன்ற சின்னக் கருவி போதும். அதை அன்ரியலில் செய்தால் டவுன்லோட் தேவையில்லாமல் பெருத்துவிடும், யாரும் ஆட மாட்டார்கள். பிரவுசரிலேயே ஓடும்படி கேமைக் கொடுத்தவர்களுக்கு ஜாம்களில் ஆடுபவர்கள் எப்போதும் அதிகம். யார் செய்தது என்றே தெரியாத எக்ஸி கோப்பை (விண்டோஸில் ஓடும் புரோகிராம்) டவுன்லோட் செய்து திறக்க நிறைய பேர் பயப்படுகிறார்கள், அது நியாயமான பயமும்கூட.

அடுத்தது, கருவியின் விதிகள் யார் கையில் இருக்கின்றன என்பது. 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் இன்ஸ்டால் ஆகும் கணக்குக்குக் கட்டணம் என்று அறிவித்தது. குறிப்பிட்ட வருமானமும் இன்ஸ்டால் எண்ணிக்கையும் தாண்டியவர்களுக்குத்தான் என்றாலும் சிறு ஸ்டுடியோக்கள் அரண்டு போயின. எதிர்ப்பு வலுத்து முதலில் தளர்த்தினார்கள், 2024 செப்டம்பரில் முழுக்கவே கைவிட்டார்கள். கோடோ, யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் வருவதால் அப்படி ஒரு சிக்கல் அதில் வராது. கேம் மேக்கர் 2023 நவம்பரிலிருந்து விற்காத கேம்களுக்கு இலவசம். இதற்காக யூனிட்டியில் பாதி கேம் முடித்தவரை கோடோவுக்கு மாறச் சொல்ல மாட்டேன். எஞ்சின் மாற்றி மாற்றியே ஒரு கேமும் முடிக்காமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இருப்பதில் முடியுங்கள், அடுத்ததற்கு யோசியுங்கள்.

கடைசியாக, நம் பிள்ளைகளிடம் மட்டும் கேட்கும் கேள்வி: தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறதா? தமிழில் கேம் செய்ய ஆசைப்பட்டு, எல்லாம் முடிந்த பிறகு வசனத்தை ஒட்டிப் பார்த்து நொந்து போனவர்கள் பலர். 'கெ' என்று போட்டால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ' இன்னும் மோசம். ஃபான்ட் மீது பழி போட்டுப் பத்து ஃபான்ட் மாற்றுவார்கள். குறை ஃபான்டில் இல்லை. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையை எஞ்சின் செய்ய வேண்டும். யூனிட்டியில் எழுத்துக்காக எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அதைச் செய்வதில்லை. 2023-இல் வந்த கோடோ 4 செய்கிறது. ட்வைன் பிரவுசரில் ஓடுவதால் அங்கும் சிக்கல் இல்லை. வேறு வழியே இல்லை என்றால் வசனங்களைப் படமாகச் சேமித்துப் போடலாம், நாலு வரி உள்ள கேமுக்கு அது தாங்கும். தமிழில் செய்யப் போகிறீர்கள் என்றால் கதை, படம் எதையும் தொடங்குவதற்கு முன் 'கொக்கு, பூனை, தேர், கௌதாரி, ஸ்ரீ' என்று ஒரு வரியைத் திரையில் ஓட்டிப் பாருங்கள். அது சரியாக வந்தால் அந்த எஞ்சினில் வேலையைத் தொடங்கலாம்.