கையூன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க ஓரிரு நொடி போதும். அதற்குள் உடம்பு செய்கிற வேலை கொஞ்சமல்ல. பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் நகர்கின்றன. உடல் முன்னால் சாய்ந்து, எடை மொத்தமும் பாதங்களின் மேல் வந்து இறங்குகிறது. சரியாக அப்போது தொடையின் முன்பக்கத் தசையும் புட்டத்துத் தசையும் இறுகி இடுப்பை மேலே தூக்குகின்றன. வயதானவர்கள் பலருக்குக் கை தானாகவே நாற்காலியின் கைப்பிடியைத் தேடுவது இந்த இடத்தில்தான். கால் பலத்தை அளக்கும் எளிய சோதனையும் இதை வைத்துத்தான் நடக்கிறது: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடிக்குள் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார்கள்.

தசை இழைகளில் மெதுவாக இயங்கி நெடுநேரம் தாக்குப்பிடிப்பவை உண்டு. வேகமாக இயங்கிச் சீக்கிரம் களைத்துப்போகிறவையும் உண்டு. முதுமையில் அதிகம் அடிபடுவது வேக இழைகள். தண்டுவடத்திலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பு செல்லும் ஒரு கூட்டம் இழைகளை ஆள்கிறது. வயதாக ஆக அந்தச் செல்களில் சில இறந்துபோகின்றன. ஆதரவில்லாமல் போன இழைகள் சிலவற்றைப் பக்கத்து நரம்பு கிளைவிட்டுத் தத்தெடுத்துக்கொள்ளும், மிச்சம் சூம்பிப்போகும். கால் தடுக்கும்போது சட்டென்று அடுத்த காலை எடுத்து வைத்து நம்மைக் காப்பாற்றுவதில் இந்த வேக இழைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இளைஞர் தடுமாறிச் சமாளித்துக்கொள்ளும் அதே இடத்தில் முதியவர் விழுந்துவிடுகிறார்.

ஆனால் இந்தப் பழி முழுவதையும் வயதின் தலையில் போட முடியாது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோய் எதுவும் இல்லை, வெறும் ஓய்வுதான்! "வயசாச்சு, பேசாம உக்காருங்க" என்று அன்போடு சொல்கிறோமே, அது என்ன செய்யும் என்று இந்த ஒரு கணக்கிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த சராசரி 90 வயதுக்காரர்கள் 10 பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். 8 வாரப் பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கினார்கள். தசை மட்டும் வளர்ந்து இவ்வளவு பலம் வந்துவிடவில்லை. தொடைத் தசையின் பருமன் 9 சதவீதம்தான் கூடியிருந்தது. மிச்சப் பலத்தில் பெரும்பங்கு நரம்புகளிலிருந்து வந்தது என்றுதான் கொள்ள வேண்டும். இருக்கிற இழைகளை ஒரே நேரத்தில், இன்னும் அதிக எண்ணிக்கையில் வேலைக்கு அழைக்க நரம்பு மண்டலம் 90 வயதிலும் கற்றுக்கொள்கிறது.

சரி, பலம் தசையிலும் நரம்பிலும் இருக்கிறது என்றால், "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு இதில் என்ன வேலை? ஒருவர் ஒருமுறை விழுகிறார், பெரிய அடி இல்லை. ஆனால் பயம் தங்கிவிடுகிறது. மாடிப்படியைத் தவிர்க்கிறார், வெளியே போவதைக் குறைக்கிறார், அடியை அளந்து அளந்து வைக்கிறார். சில மாதங்களில் தசை தளர்கிறது, நிலைதடுமாற்றம் கூடுகிறது. மறுபடி விழுகிறார். பயந்தது சரிதான் என்று அவருக்குத் தோன்றுகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயமே விழவைக்கும் இந்தச் சுழலை முதியோர் மருத்துவம் நன்றாக அறியும். "என்னால் முடியும்" என்ற எண்ணம் இந்தச் சுழலை அறுப்பது மந்திரத்தால் அல்ல, அது ஆளை எழுந்து நடக்கவைக்கிறது. நடந்தால் தசையும் சொன்னபடி கேட்கும்.

யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002-இல் வெளியிட்ட ஆய்வையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரிடம், தங்கள் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று முன்பே கேட்டு வைத்திருந்தார்கள். முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். தொடக்கத்தில் இருந்த உடல்நிலை, வசதி போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. எண்ணம்தான் ஆயுளைக் கூட்டியது என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எண்ணத்துக்கும் ஆயுளுக்கும் நடுவே தசையும் நடையும் இருக்கும்போது, நம்ப முடியாத விஷயமாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், முதுமையில் கைகொடுக்கிற இன்னொன்று சிரிப்பு. வயிறு குலுங்கச் சிரிக்கும்போது மூச்சு திரும்பத் திரும்ப வெளியே தள்ளப்படுகிறது, நெஞ்சும் வயிறும் உழைக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு 2011-இல் காட்டியது, அப்படிச் சிரித்த பிறகு வலியைத் தாங்கும் அளவு கூடுகிறது என்பதை. நண்பர்களோடு சேர்ந்து சிரிக்கும்போது மூளையில் வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின் வகை வேதிப்பொருள்கள் சுரப்பதைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் மூளைப் படங்களில் பார்த்தார்கள். மூட்டுவலி இதனால் தீராது. ஆனால் தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் நாம் ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று சிரிப்பை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் ப்ரோவைன் கணக்கெடுத்துச் சொன்னார். ஆகவே ஒரு முதியவரிடம் சிரிப்பு குறைந்திருந்தால், அவருடைய சுபாவத்தை விட்டுவிட்டு, அவர் வாரத்தில் எத்தனை பேரோடு பேசுகிறார் என்று முதலில் கேட்பது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. அதோடு வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சிகள். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல உட்காருவது அதற்கு நல்ல தொடக்கம். நாற்காலி நகராமல் சுவரோடு இருக்கட்டும், தேவைப்பட்டால் முதலில் கையையும் ஊன்றிக்கொள்ளலாம். இதயநோய், தலைசுற்றல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். எதிலுமே மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் சோர்ந்து கிடந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது வயதின் இயல்பு என்று ஒதுக்கிவிடக்கூடாது. மனச்சோர்வு ஒரு நோய், 80 வயதிலும் அதற்குச் சிகிச்சை உண்டு.