டெக் ரேடார்: தெரிவு வட்டம்

மென்பொருள் நிறுவனங்களில் ‘டெக் ரேடார்’ என்பது இப்போது அன்றாடப் பேச்சில் வருகிற சொல். ‘அது நம்ம ரேடாரில் இருக்கா?’, ‘அதை ஹோல்டில் போட்டாச்சு, புதுசா யாரும் தொட வேண்டாம்’ என்று பேசிக்கொள்வார்கள். ஒரு நிறுவனம் எந்த நிரல்மொழியை, எந்தத் தரவுத்தளத்தை, எந்தக் கருவியை நம்பிக் கையாள்கிறது, எதைச் சோதித்துக்கொண்டிருக்கிறது, எதிலிருந்து விலகுகிறது என்பதையெல்லாம் ஒரு வட்டப்படத்தில் புள்ளிகளாக வைத்திருக்கும் வலைத்தளம் அது. ஒரு புள்ளியைச் சொடுக்கினால் அந்த முடிவும் அதற்கான காரணமும் விரியும்.

எங்கள் குழுவுக்கு இப்படி ஒன்றைத் தமிழில் அமைத்தபோது, தலைப்பில் ‘தொழில்நுட்ப ரேடார்’ என்று எழுதிவிட்டு மேலே போயிருக்கலாம். ஒவ்வொரு புள்ளியும் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் வளையங்களுக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மூலச்சொல்லே சற்றுப் பொருந்தாத சொல்.

ரேடார் என்பது சுருக்கப்பெயர். ‘ரேடியோ டிடெக்‌ஷன் அண்ட் ரேஞ்சிங்’ என்பதிலிருந்து எழுத்துகளை எடுத்துக்கோத்து, 1940இல் அமெரிக்கக் கடற்படை உண்டாக்கியது. வானொலி அலையால் ஒரு பொருளைக் கண்டறிவது, அதன் தொலைவை அளப்பது என்று பொருள். கருவியின் கதை அதற்கும் முந்தியது. 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டேவன்ட்ரி அருகே, பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு ஒரு விமானத்தில் பட்டுத் திரும்புவதை ராபர்ட் வாட்சன்-வாட் குழுவினர் பதிவு செய்து காட்டினார்கள். பிரிட்டனில் அதை ஆர்.டி.எஃப். என்றுதான் அழைத்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1943இல் அவர்களும் ‘ரேடார்’ என்ற பெயருக்கு வந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். போன அலை அப்படியே திரும்பி வருகிற கருவிக்கு அமைந்த பெயர் அது. எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

கருவிக்குத் தமிழில் ‘தொலைக்கண்டுணர்வி’ என்றும், பற்றுதல் என்ற பொருளுள்ள கதுவுதலிலிருந்து ‘கதுவி’ என்றும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். வானிலை அறிக்கை கேட்கும் எவருக்கும் ரேடார் தெரியும் என்பதால், கருவியை ரேடார் என்றே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். நம் கேள்வி கருவியைப் பற்றியதல்ல, அதிலிருந்து கடன் வாங்கிய உவமையைப் பற்றியது.

உவமையைப் பரப்பியது தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் ஆலோசனை நிறுவனம். தன் ‘டெக்னாலஜி ரேடார்’ வெளியீட்டை 2010 ஜனவரியில் தொடங்கி, ஆண்டுக்கு ஏறத்தாழ இருமுறை கொண்டுவருகிறது. அந்நிறுவனத்தின் மூத்த தொழில்நுட்பர்கள் கூடிப் பேசி, வாதாடி முடிவு செய்கிறார்கள். வட்டம் நான்கு கால்வட்டங்களாகப் பிரிந்திருக்கும்: செய்முறைகள், கருவிகள், இயங்குதளங்கள், மொழிகளும் சட்டகங்களும். மையத்திலிருந்து வெளியே நான்கு வளையங்கள்: அடாப்ட், ட்ரையல், அசெஸ், ஹோல்ட்.

பார்வைக்கு ரேடார் திரைதான். ரேடார் திரையின் நடுவே இருப்பது நாம் நிற்கும் இடம். இங்கேயும் நடுவே நாம்தான். அங்கே புள்ளி அருகில் வந்தால் பொருள் நெருங்கிவிட்டது என்று பொருள்; இங்கேயும் நெருக்கம்தான் பேச்சு. ஆனால் அங்கே திசைக்குப் பொருள் உண்டு. இங்கே ஒரு கால்வட்டத்துக்குள் புள்ளி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதற்குப் பொருளே இல்லை, இடம் கிடைத்த பக்கம் வைக்கிறார்கள். இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ரேடாரில் தெரியும் விமானம் தானாக வருகிறது, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் திரையில் புள்ளி நகரும். டெக் ரேடாரில் எந்தப் புள்ளியும் தானாக நகராது. ஒருவர் காரணம் சொல்லி, இன்னொருவர் மறுத்து, கடைசியில் ஒரு முடிவெடுத்துத்தான் நகர்த்த வேண்டும். ரேடார் என்ற சொல் கண்டுபிடிப்பதை மட்டும் சொல்கிறது, முடிவெடுப்பதை மறைத்துவிடுகிறது. இந்த வலைத்தளத்தின் உயிர் அந்த முடிவில்தான் இருக்கிறது.

வளையங்களுக்கு வருவோம். ‘டெக்னாலஜி அடாப்ஷன்’ என்பதைத் ‘தொழில்நுட்பத் தத்தெடுப்பு’ என்று எழுதுகிற வழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது. அடாப்ட் என்பதன் இலத்தீன் வேர் தேர்ந்துகொள்வதைக் குறிக்கிறது; ‘ஆப்ஷன்’ பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். தத்து என்பதோ கொடுக்கப்பட்டது என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த சொல். குழந்தைக்குச் சரி, அங்கே கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நமக்கு யார் தத்துக் கொடுத்தார்கள்? ஏற்பு என்பது இங்கே நன்றாக நிற்கும். ஏற்றுக்கொள்வதோடு ‘நமக்கு ஏற்றது’ என்ற பொருத்தமும் அதே சொல்லுக்குள் இருக்கிறது.

ட்ரையல் வளையத்துக்குச் ‘சோதனை’ என்று எழுதத்தான் முதலில் கை போகும். ஆனால் சோதனை ஓட்டிப் பார்க்கும் டெஸ்டிங்குக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். தாட்வொர்க்ஸ் இந்த வளையத்துக்குத் தரும் விளக்கம் வேறு: இதைத் தொடர்வதில் பயன் உண்டு, இடர் வந்தால் தாங்கக்கூடிய ஒரு திட்டத்தில் உண்மையாகவே பயன்படுத்திப் பாருங்கள். இதற்கு வெள்ளோட்டம் என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் சுவாமியை ஏற்றாமல் இழுத்துப் பார்ப்பார்கள். தெரு உண்மையான தெரு, வடம் உண்மையான வடம், முட்டுக்கட்டை போடுகிறவர்களும் திருவிழாவில் போடப்போகிறவர்களேதான். மூலையில் திரும்புமா என்பது பட்டறையில் தெரியாது, தெருவில்தான் தெரியும். ட்ரையல் என்ற சொல்லில்கூட இவ்வளவு துல்லியம் இல்லை.

அசெஸ் என்பது ஒரு காலத்தில் அருகில் உட்கார்ந்து வரி நிர்ணயிப்பதைக் குறித்த சொல். இந்த வளையத்தில் இருப்பவற்றை இன்னும் எந்தத் திட்டத்திலும் இறக்குவதில்லை. படித்துப் பார்க்கலாம், சிறிதாக ஒன்று கட்டிப் பார்க்கலாம், நம் வேலையை எப்படிப் பாதிக்கும் என்று யோசிக்கலாம். ‘மதிப்பீடு’ என்றால் மதிப்பெண் போட்டு முடித்துவிட்டதுபோல் ஒலிக்கிறது. நான் நோட்டம் என்பேன். நாணயம் செல்லுமா செல்லாதா என்று பார்ப்பதற்கு நோட்டம் என்று பெயர், பார்ப்பவர் நோட்டக்காரர். ‘ஒரு நோட்டம் விட்டு வா’ என்று இன்றும் சொல்கிறோம்.

ஹோல்ட் எல்லாரையும் குழப்புகிற வளையம். ஒதுக்கியதா, காத்திருப்பதா என்று புதியவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. எச்சரிக்கையோடு அணுகுங்கள் என்பதுதான் தாட்வொர்க்ஸ் தந்த பொருள். இன்னும் முதிராத தொழில்நுட்பமும் இங்கே வரும், காலம் கடந்துபோனதும் இங்கே வரும். ‘நிறுத்தம்’ என்றால் இரண்டாவது மட்டும், ‘காத்திருப்பு’ என்றால் முதலாவது மட்டும். தள்ளிவைப்பு என்ற சொல் இரண்டையும் தாங்குகிறது: நாளைத் தள்ளிவைக்கிறோம், வேண்டாததையும் தள்ளிவைக்கிறோம். அப்புறம், படத்திலும் அது மையத்திலிருந்து தள்ளித்தான் இருக்கிறது.

தளத்தைக் கட்டுவது பெரிய வேலையல்ல. தாட்வொர்க்ஸே தன் வரைகருவியைத் திறமூலமாகத் தந்திருக்கிறது. ஒரு விரிதாளில் பெயர், வளையம், கால்வட்டம், புதியதா, விளக்கம் என்று நெடுவரிசைகளை நிரப்பிக் கொடுத்தால் வட்டம் வந்துவிடும். ஜெர்மனியின் சலாண்டோ நிறுவனமும் தன் வரைநிரலை வெளியிட்டிருக்கிறது. எனக்குப் பிடித்தது, அதே நாட்டின் ஏஓஇ நிறுவனம் வெளியிட்டது. ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் ஒரு மார்க்டவுன் (எளிய உரை வடிவம்) கோப்பு. கோப்புகள் தேதியிட்ட அடைவுகளில் இருக்கும். ஒரு புள்ளி வளையம் மாறும்போது புதிய தேதியில் புதிய கோப்பு எழுதுகிறோம், பழையது அழிவதில்லை. ஒரு தொழில்நுட்பம் நோட்டத்திலிருந்து வெள்ளோட்டத்துக்கும் அங்கிருந்து ஏற்புக்கும் எப்போது வந்தது, ஏன் வந்தது என்ற வரலாறு முழுக்க ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

‘ஏன்’ என்பதை விளக்கப் பகுதியில் கட்டாயமாக்குங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் செய்தி வரிசைக்கு, அதாவது மென்பொருள்களுக்கிடையே செய்திகளைக் கடத்துவதற்கு, இரண்டு வெவ்வேறு கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது எதற்கு வந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். இரண்டையும் பராமரித்தே அந்தக் குழு களைத்துப்போனது. அன்று ஒரு வரி எழுதிவைத்திருந்தால் போதுமாயிருந்தது.

சரி, முழுப் படத்துக்கும் என்ன பெயர்? ‘ஏற்பு வட்டம்’ என்று சில நாள் வைத்துப் பார்த்தேன். ஏற்காதவையும் அதில் இருக்கின்றனவே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ‘தேர்வு’ என்றால் இங்கே பரீட்சைதான் நினைவுக்கு வரும். கடைசியில் கிடைத்தது தெரிவு.

தெரிதல் என்றால் இன்று நமக்கு அறிதல். பழைய பொருள் ஆராய்ந்து தேர்தல். குறளில் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல், 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். ஆளை ஆராய்ந்து நம்புவதும், ஆராய்ந்து வேலையை ஒப்படைப்பதும் அவற்றின் பொருள். இலங்கைத் தமிழில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாடாளுமன்றச் செய்திகளில் ‘தெரிவுக்குழு’ என்று படிக்கிறோம். தெரிதலுக்கு மூன்றாவது பொருளும் உண்டு, கண்ணுக்குப் புலப்படுதல். ‘தூரத்தில் ஒரு படகு தெரிகிறது’ என்கிறோமே, ரேடார் செய்வது அதைத்தான். கண்ணில் படுவது, ஆராய்வது, தேர்ந்துகொள்வது என மூன்றும் ஒரே வேரில் இருக்கின்றன. ரேடார் விட்டுவிட்டதையும் சேர்த்துச் சொல்கிறது தமிழ்ச்சொல்.

அதனால் டெக் ரேடார் என்பதற்குத் தொழில்நுட்பத் தெரிவு வட்டம், பேச்சில் சுருக்கமாகத் தெரிவு வட்டம். வட்டத்தில் வைக்கும் குறியை ஆங்கிலத்தில் ‘பிளிப்’ என்பார்கள்; அதற்குப் புள்ளி போதும். இதே குடும்பத்தில் இன்னொரு சொல்லுக்கும் வழி கிடைக்கிறது. கட்டமைப்பு முடிவுகளைச் சிறு ஆவணங்களாக எழுதி நிரலோடு சேர்த்துவைக்கும் முறையை மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் எழுதி முன்வைத்தார். ஏடிஆர் (ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்ட்) என்று வழங்குகிற அந்த ஆவணத்தைத் தெரிவுப் பதிவு எனலாம். வட்டத்தின் புள்ளியைச் சொடுக்கினால் தெரிவுப் பதிவு திறக்கும்படி இணைத்திருக்கிறோம். செய்திகளைக் கடத்தும் கருவியான கஃப்காவைப் பற்றி ஒருவர் கேட்பார்: ‘கஃப்கா நம்ம தெரிவு வட்டத்தில் எங்கே இருக்கு?’ ‘வெள்ளோட்டத்தில். பதிவைப் படித்துப் பாருங்கள்.’ எங்கள் குழுவில் இப்போது இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.