ஃபிர்கா: துருக்கியில் கட்சி, தமிழ்நாட்டில் குறுவட்டம்

பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களுக்குப் பிர்கா என்ற சொல் புதிதல்ல. தாலுகாவுக்குக் கீழே, கிராமத்துக்கு மேலே நிற்கும் வருவாய்ப் பிரிவு அது. வருவாய் ஆய்வாளரின் எல்லை. அரசுப் பதிவேடுகளில் இப்போது குறுவட்டம் என்று எழுதுகிறார்கள். இதே சொல்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் துருக்கியில் அரசியல் கட்சியைக் குறித்தது. அந்நாட்டின் பிரதான எதிர்க்கட்சியான குடியரசு மக்கள் கட்சி, 1923 செப்டம்பர் 9 அன்று பிறந்தபோது அதன் பெயர் 'ஹல்க் ஃபிர்கஸி', அதாவது மக்கள் ஃபிர்கா.

வேர் அரபு. ஃப-ர-க என்ற மூன்று எழுத்து வேருக்குப் பிரித்தல், வேறுபடுத்தல் என்று பொருள். குர்ஆனுக்கு ஃபுர்கான் என்றொரு பெயர் உண்டல்லவா, சரியையும் தவறையும் பிரித்துக் காட்டுவது என்ற பொருளில்? அதுவும் இந்த வேரில் வந்ததே. ஃபிர்கா என்றால் மொத்தத்திலிருந்து பிரிந்த ஒரு பகுதி. ஜில்லா, தாலுகா, தாசில்தார் போன்ற சொற்கள் வந்த அதே பாதையில், பாரசீக மொழியில் நடந்த ஆட்சி நிர்வாகத்தின் வழியாக நம்மிடம் வந்த ஃபிர்கா, நிலத்தின் பகுதியாயிற்று. ஒட்டோமான் துருக்கியிலோ அது மனிதர்களின் பகுதி. அரசியலில் ஓர் அணி ஃபிர்கா. படையில் ஒரு டிவிஷனும் ஃபிர்கா. துருக்கியின் விடுதலைப் போர் பற்றிய பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 'ஃபிர்கா முன்னேறியது' என்றிருந்தால் அது கட்சியாக இருக்காது.

இந்தக் கட்சி முதலில் ஃபிர்காவாகக்கூடத் தோன்றவில்லை. முதல் உலகப் போரில் தோற்ற நாட்டை வெற்றி பெற்றவர்கள் கூறுபோட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 1919 செப்டம்பரில் சிவாஸ் நகரில் முஸ்தஃபா கெமால் (பின்னாளில் அதாதுர்க்) தலைமையில் ஒரு மாநாடு கூடியது. ஆங்காங்கே இயங்கிய உரிமைப் பாதுகாப்புச் சங்கங்கள் அங்கே ஒன்றாயின. அந்தச் சங்கத்துக்கு அவர்கள் சொன்ன சொல் 'ஜெமியெத்'. நம் ஊர் ஜமாஅத்தின் வேரும் அதன் வேரும் ஒன்று: கூடுதல், சேர்தல். அன்று கூடியவர்கள் நான்கு ஆண்டு கழித்துக் கட்சியானபோது, சேர்தலைக் குறித்த சொல் போய்ப் பிரிதலைக் குறித்த சொல் வந்தது. இன்றுவரை அந்தக் கட்சி சிவாஸ் மாநாட்டைத்தான் தன் முதல் மாநாடாகக் கணக்கில் வைக்கிறது.

பெயரின் பொருள் விரைவிலேயே பலித்தது. 1924 நவம்பர் 10 அன்று கட்சி தன் பெயருக்கு முன்னால் 'ஜும்ஹூரியெத்', அதாவது குடியரசு, என்பதைச் சேர்த்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து, விடுதலைப் போரில் கெமாலுடன் தோளோடு தோள் நின்ற காஸிம் கராபெகிர், ரவூஃப் ஓர்பாய், அலி ஃபுவாத் ஜெபெசோய் முதலானோர் வெளியேறி முற்போக்குக் குடியரசு ஃபிர்காவைத் தொடங்கினர். நாட்டின் கிழக்கே குர்துகளிடையே எழுந்த ஷேக் ஸயீத் கிளர்ச்சியைக் காரணம் காட்டி 1925 ஜூனில் அது மூடப்பட்டது. 1930இல் நடந்தது இன்னும் விசித்திரம். கெமாலே தன் நண்பர் ஃபெத்ஹி ஓக்யாரை அழைத்து ஓர் எதிர்க்கட்சி தொடங்கச் சொன்னார். தன் தங்கை மக்பூலேவையும் அதில் சேரவைத்தார். சுதந்திரக் குடியரசு ஃபிர்கா என்று பெயர். ஃபெத்ஹி இஸ்மீர் நகருக்குப் போனபோது திரண்ட கூட்டத்தைக் கண்டு ஆளும் தரப்பு கலங்கியது. ஆகஸ்டில் தொடங்கிய கட்சியை நவம்பர் 17 அன்று ஃபெத்ஹியே கலைத்துவிட்டார். மக்களின் கோபம் எவ்வளவு என்பது அந்த மூன்று மாதத்தில் தெரிந்துபோனது. வழிவிட்டிருக்க வேண்டிய இடத்தில் கதவை அடைத்ததுதான் மக்கள் கட்சியின் வரலாற்றில் பெரிய பிழை என்பது என் எண்ணம். மீண்டும் ஓர் எதிர்க்கட்சி உருவாக 1945 வரை ஆயிற்று.

ஃபிர்கா என்ற சொல் போனது 1935இல். 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிய நாடு, 1932இல் மொழிக்கென ஒரு சங்கம் அமைத்து அரபு, பாரசீகச் சொற்களைக் களையத் தொடங்கியிருந்தது. 1935 மே மாதத்தில் கூடிய நான்காவது மாநாட்டில் ஃபிர்கா போய் 'பார்ட்டி' வந்தது. அது பிரெஞ்சுச் சொல். மாநாட்டுக்கு மட்டும் 'குருல்தாய்' என்ற பழைய ஆசியப் புல்வெளிச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அக்கட்சியின் மாநாடு குருல்தாய்தான். பெயரின் மற்ற இரண்டு சொற்களும் அரபு வேரோடு அப்படியே தங்கிவிட்டன. கட்சிக்கும் அந்த மொழிச் சங்கத்துக்கும் உள்ள உறவு இன்னும் அறுபடவில்லை. கெமால் 1938இல் எழுதிய உயிலின்படி, இஷ் வங்கியில் அவருக்கிருந்த பங்குகள் கட்சியின் பெயரில் நிற்கின்றன. ஏறத்தாழ 28 விழுக்காடு. அவற்றின் ஈவுத்தொகையில் கட்சிக்கு ஒரு காசும் சேராது. மொழிச் சங்கத்துக்கும் வரலாற்றுச் சங்கத்துக்கும் போகிறது.

எதிர்க்கட்சியைத் துருக்கியில் 'முஹாலெஃபெத்' என்பார்கள். இதுவும் அரபுதான், மாறுபடுதல் என்று பொருள். தீர்ப்பில் ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டு எழுதும் குறிப்பையும் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். 27 ஆண்டு ஆட்சியில் இருந்த கட்சி முஹாலெஃபெத் ஆனது 1950 மே 14 தேர்தலில். ஜெலால் பயார், அத்னான் மெந்தெரெஸ், ஃபுவாத் கோப்ருலு, ரெஃபிக் கோரல்தான் என்று உள்ளேயிருந்து பிரிந்த நால்வர் 1946இல் தொடங்கிய ஜனநாயகக் கட்சி வென்றது. ஐந்தில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தும், அன்றைய தேர்தல் முறையால் மக்கள் கட்சிக்கு 69 இடங்களே மிஞ்சின. கெமாலுக்குப் பின் நாட்டுக்கும் கட்சிக்கும் தலைவராக இருந்த இஸ்மெத் இனோனு ஆட்சியை ஒப்படைத்துவிட்டு எதிர்வரிசையில் போய் அமர்ந்தார். அவரைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் இந்த ஒரு செயலுக்காக அவரைப் போற்றத்தான் வேண்டும்.

பிறகு ஏறியும் இறங்கியும் போன கதை. 1972இல் பூலெந்த் எஜெவித், இனோனுவையே வென்று தலைவரானார். 1977இல் கட்சி 41 விழுக்காடு வாக்கு பெற்றது. 1980 செப்டம்பர் 12 இராணுவப் புரட்சிக்குப் பின் எல்லாக் கட்சிகளும் மூடப்பட்டன. 1992இல் தெனிஸ் பைகால் தலைமையில் இது மறுபடி திறந்தது; எஜெவித் திரும்பி வரவில்லை, அவருக்கென வேறொரு கட்சி இருந்தது. 1999இல் 10 விழுக்காடு வாக்கு வரம்பைத் தாண்ட முடியாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றது. 2002 முதல் பிரதான எதிர்க்கட்சி. 2024 மார்ச் 31 உள்ளாட்சித் தேர்தலில் ஓஸ்கூர் ஓஸெல் தலைமையில் நாட்டிலேயே அதிக வாக்கு வாங்கியது. மறு ஆண்டு மார்ச் 23 அன்று, இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோலுவைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்கக் கட்சியினர் வாக்களித்த அதே நாளில், அவர் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'ஜும்ஹூர்' என்றால் திரளான பொதுமக்கள்; அதிலிருந்து வந்த ஜும்ஹூரியெத்துக்குக் குடியரசு மிகப் பொருத்தம், குடியும் அரசும் அதில் இருப்பதால். 'ஹல்க்' என்பது படைத்தல் என்ற வேரிலிருந்து வந்து, படைக்கப்பட்டோர், பிறகு மக்கள் என்று பொருள் விரிந்த சொல். காலிக் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்களே, படைத்தவன் என்று, அதே வேர். ஆகவே குடியரசு மக்கள் கட்சி என்பதே சரி. சில செய்திகளில் 'மக்கள் குடியரசுக் கட்சி' என்று வருகிறது; அதில் மக்கள் குடியரசு என்ற, சீனாவை நினைவூட்டும் தொடர் உண்டாகிவிடுகிறது. 'குடியரசுக் கட்சி' என்று சுருக்கினால் அமெரிக்கக் கட்சியோடு குழம்பும். CHP என்ற சுருக்கப் பெயரைத் துருக்கியர் ஜே-ஹே-பே என்று உச்சரிக்கிறார்கள். சிஎச்பி என்று எழுதுவது ஆங்கில வாசிப்பு.

கட்சி என்ற நம் சொல்லுக்கும் ஒரு பழங்கதை உண்டு. சங்கப் பாடலில் கட்சி என்றால் விலங்கும் பறவையும் ஒதுங்கும் புகலிடம். இன்றைய பொருளில் வரும் கட்சியைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கக்ஷி என்றே அச்சிட்டார்கள். வடமொழி வழி வந்த அது, வழக்கின் ஒரு தரப்பையும் குறிக்கும். வக்கீலிடம் வருபவரைக் கட்சிக்காரர் என்பது அதனால்தான். ஃபிர்காவுக்கு இந்த இரண்டாவது கட்சி நல்ல இணை, இரண்டுமே தரப்பைக் காட்டுவதால்.

கட்சிக் கொடியில் அதன் கொள்கைகளைக் குறிக்கும் ஆறு அம்புகளில் ஒன்று 'ஹல்க்சிலிக்'. இதை ஜனரஞ்சகவாதம் என்று பெயர்க்கக் கூடாது. அதற்குத் துருக்கியிலேயே 'பொப்பூலிஸ்ம்' என்று தனிச் சொல் இருக்கிறது. வகுப்புக்கோ குடும்பத்துக்கோ தனிச்சலுகை இல்லை, அதிகாரம் மக்களுடையது என்பதே 1931இல் அந்த அம்புக்குக் கொடுத்த பொருள். மக்கள்சார்பு என்றோ மக்களியம் என்றோ எழுதலாம்.